விசிறி வட்டம் போடுவது பேய் வேலை இல்லை

காரைக்குடி வீட்டு போஜன ஹாலில் பத்தடி ராடில் தொங்கும் விசிறி, நிறுத்தின பிறகும் ஆடுகிறது, குறுக்காக ஆடிக்கொண்டிருந்தது வட்டமாகி, அப்புறம் எதிர்க்குறுக்காக மாறுகிறது, அப்பத்தா பயப்படுகிறார் என்று எழுதியிருந்தீர்கள். அப்பத்தாவிடம் சொல்லுங்கள், இது வெறும் ஊசல் கணக்கு.

ராடின் மேல்முனையைப் பாருங்கள். ஒரு திசையில் அது போல்ட்டைச் சுற்றி ஆடும், அதற்குக் குறுக்கே கொக்கியைச் சுற்றி ஆடும். இரண்டும் ஒரே உயரத்தில் இல்லை. அதனால் ஒரு திசையில் ஓர் ஆட்டத்துக்கு 3.5 விநாடி, மறுதிசையில் 3.4 என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் பார்க்கும் குறுக்காட்டம் இந்த இரண்டு ஆட்டமும் கலந்ததுதான். இரண்டும் சேர்ந்து புறப்பட்டாலும் கொஞ்சம் கொஞ்சமாக முன்பின் ஆகி, அரை நிமிடத்தில் வட்டம், ஒரு நிமிடத்தில் எதிர்க்குறுக்கு. ஆட்டம் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவது போலத் தெரியும், ஆனால் இரண்டும் தன்பாட்டுக்குத்தான் ஆடுகின்றன. ஒடுக்கம், அதாவது ஆட்டத்தை அடக்கும் உராய்வு, மிகக் குறைவு என்பதால்தான் இதைப் பார்க்கவே முடிகிறது, இல்லையென்றால் வட்டம் வருவதற்குள் அடங்கிப்போயிருக்கும்.

சந்தேகமிருந்தால் மின்சாரத்தை அணைத்துவிட்டு, விசிறியைக் கம்பால் போல்ட்டுக்கு நேர்குறுக்கே மெதுவாக இழுத்து விடுங்கள். வட்டம் போடாமல் நேர்கோட்டிலேயே ஆடும். அப்படியே இரண்டு திசையிலும் இருபது ஆட்டத்துக்கு நேரம் எடுத்தால் வித்தியாசம் கையில் கிடைக்கும்.

ஒரு பக்கம் மட்டும் கம்பி இழுத்துக் கட்டாதீர்கள், மறுபக்க ஆட்டம் அப்படியேதான் இருக்கும். முதலில் இறக்கைகளின் எடையைச் சமன் செய்யுங்கள், ஆட்டத்தைக் கிளப்புவது பெரும்பாலும் அதுதான். கொக்கியில் உட்காரும் ரப்பர் உருளை தேய்ந்திருந்தால் மாற்றுங்கள். போல்ட் கழன்றுவிடாமல் தடுக்கும் பின் (pin) இருக்கிறதா என்று இன்றைக்கே பார்த்துவிடுங்கள், அதுமட்டும்தான் உண்மையில் பயப்பட வேண்டிய விஷயம்.