ஃபோர்ட் கொச்சி ஹாஸ்டலுக்குப் போவது எப்படி? பக்கத்தில் நடந்தே என்னென்ன பார்க்கலாம்?

சென்னையிலிருந்து ரயிலில் தனியாகப் போகிறேன், ஃபோர்ட் கொச்சியில் ஒரு டார்மிட்டரி படுக்கை புக் பண்ணியிருக்கிறேன், ஸ்டேஷனிலிருந்து எப்படிப் போவது, சுற்றி என்ன பார்ப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் மூன்று தடவை போனவன். எர்ணாகுளத்தில் ரூம் போடாமல் ஃபோர்ட் கொச்சியில் போட்டது நல்ல காரியம். எர்ணாகுளம் நம்ம தி.நகர் மாதிரிதான், கடையும் டிராஃபிக்கும். பார்க்க வேண்டியதெல்லாம் தண்ணீருக்கு அந்தப் பக்கம் இருக்கிறது.

முதலில் டிக்கெட்டைப் பாருங்கள். எர்ணாகுளத்தில் இரண்டு ஸ்டேஷன். 'டவுன்' என்று இருந்தால் ஊர்க்காரர்கள் வாயில் அது நார்த், 'ஜங்ஷன்' என்றால் சவுத். திருவனந்தபுரம் மெயில் நார்த்தில் நிற்கும், ஆலப்புழை எக்ஸ்பிரஸ் சவுத்துக்கு வரும். அங்கிருந்து ஹாஸ்டல் வாசல் வரைக்கும் ஆட்டோவிலேயே போகலாம்தான், ஆனால் பாலம் தாண்டித் தோப்பும்படி வழியாகச் சுற்றிக்கொண்டு போவான், காசும் போகும் நேரமும் போகும். படகுத்துறை வரைக்கும் மட்டும் ஆட்டோ பிடியுங்கள். அங்கே படகுத்துறைக்குப் பெயர் ஜெட்டி. முன்பின் தெரியாத ஆட்டோக்காரரிடம் காலங்காத்தாலே "சேட்டா, ஜெட்டி" என்று கேட்க நம்ம ஊர்க்காரர்களுக்குக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கும், அவருக்கு ஒன்றும் தோன்றாது, கேளுங்கள்.

அரசுப் படகில் பத்து ரூபாய்க்குள் டிக்கெட், இருபது நிமிஷப் பயணம். ஹைகோர்ட் பக்கமிருந்து வாட்டர் மெட்ரோ என்கிற புதுப் படகும் ஃபோர்ட் கொச்சிக்குப் போகிறது. ஏசி, சுத்தம், கண்ணாடி ஜன்னல் எல்லாம் உண்டு, கட்டணம் கூட. எனக்குப் பழைய படகுதான் பிடிக்கும், ஆபீஸ் போகிறவர்களும் மீன்கூடைக்காரர்களும் கல்லூரிப் பிள்ளைகளும் நெருக்கியடித்துக்கொண்டு வருவார்கள், காற்று முகத்தில் அடிக்கும். வழியில் தெரிகிற வில்லிங்டன் தீவு இயற்கையான தீவே இல்லை, துறைமுகத்துக்காகத் தூர்வாரிய மண்ணைக் கொட்டி உண்டாக்கியது.

காலையிலேயே போய்ச் சேர்ந்துவிடுவீர்கள், படுக்கை மதியத்துக்கு மேல்தான் கிடைக்கும். பையை வைத்துவிட்டுக் கிளம்புங்கள். கொச்சிக் கொசுவைப் பற்றி யாராவது எச்சரித்திருந்தால் அது மிகையில்லை, ஓடோமாஸும் லாக்கருக்கு ஒரு சின்னப் பூட்டும் எடுத்துப் போங்கள். மேல் பர்த் கொடுத்தால் ஃபேன் காற்று அங்கே வருகிறதா என்று பார்த்துவிட்டுத் தலையாட்டுங்கள். நான் பார்க்காமல் தலையாட்டி ஓர் இரவு முழுக்க வியர்வையில் கிடந்தேன்.

இனி கிழமை விஷயம். முதல் தடவை வியாழன் ராத்திரி ரயிலேறி, மூன்று நாள் கையில் இருக்கிறது என்ற தெம்பில் போனேன். வெள்ளிக்கிழமை மட்டாஞ்சேரி அரண்மனைக்குப் போனால் பூட்டு, வெள்ளி அவர்களுக்கு விடுமுறை. சனிக்கிழமை யூதர்களின் ஜெபாலயத்துக்குப் போனால் அங்கேயும் பூட்டு, சபாத், அவர்களுடைய வாராந்தர ஓய்வுநாள். இரண்டையும் ஞாயிறு காலையில் அவசர அவசரமாகப் பார்த்துவிட்டு ரயிலுக்கு ஓடினேன். ஆகவே வெள்ளி, சனி இரண்டு நாளையும் கரையோரத்துக்கு வைத்துக்கொண்டு மட்டாஞ்சேரியை ஞாயிறுக்குத் தள்ளுங்கள்.

கரையோரம் என்றால் சீன வலைகள். போட்டோவில் பார்த்து அலுத்துப்போனதுதான், ஆனால் கிட்டப் போய் நின்று பாருங்கள். வலை மேலே ஏறும்போது இந்தப் பக்கம் கயிற்றில் கட்டிய பெரிய பெரிய கற்கள் ஒவ்வொன்றாகக் கீழே வந்து உட்காரும், கிணற்று ஏற்றத்தின் அதே கணக்கு. நாலைந்து பேர் சேர்ந்து இழுப்பார்கள். உங்களையும் இழுக்கக் கூப்பிடுவார்கள், இழுத்தால் காசு கேட்பார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன்.

அங்கிருந்து கொஞ்ச நடையில் புனித பிரான்சிஸ் தேவாலயம். 1503-இல் போர்த்துக்கீசியர் மரத்தில் கட்டியது, பிறகு கல்லுக்கு மாறியது. வாஸ்கோ ட காமா 1524-இல் கொச்சியில்தான் இறந்தார், இங்கேதான் புதைத்தார்கள், பதினாலு வருஷம் கழித்து எலும்புகளைப் போர்த்துக்கல்லுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். இப்போது தரையில் கம்பி வேலிக்குள் இருப்பது வெறும் கல்தான். எனக்கு அதைவிட, மேலே வரிசையாகத் தொங்கும் துணி விசிறிகள்தான் மனதில் நின்றன. கயிறு சுவருக்கு வெளியே போகிறது. உள்ளே துரைமார் பிரார்த்தனை பண்ண, வெளியே வெயிலில் ஒருத்தன் இழுத்துக்கொண்டே இருந்திருப்பான்.

சனிக்கிழமை 'வெளி' என்ற பெயருள்ள மைதானத்துப் பக்கம், துணி வெளுக்கிற தோபி கானாவுக்குப் போங்கள். பாதிப் பேர் தவறவிடுகிற இடம். அங்கே துவைப்பவர்கள் நம்ம ஆட்கள், டச்சுக்காரர் காலத்தில் சீருடை வெளுக்கத் தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவந்தவர்களின் வழி வந்தவர்கள் என்று சொல்கிறார்கள். நான் வாசலில் தயங்கி நிற்கவும் ஓர் அம்மா, "உள்ள வாங்க தம்பி, மெட்ராஸா?" என்றார். ஆளுக்கொரு தொட்டி, ஒரு கல். கஞ்சி போட்ட வேட்டிகளுக்குக் கிளிப்பே கிடையாது, இரட்டையாக முறுக்கிய கயிற்றைக் கொஞ்சம் விலக்கி அந்த இடுக்கில் துணி முனையைச் செருகிவிடுகிறார்கள், எவ்வளவு காற்றடித்தாலும் விழுவதில்லை. சும்மா படம் எடுத்துக்கொண்டு திரும்பாமல் ஒரு சட்டையையாவது கொடுத்து வாங்குங்கள்.

ஞாயிறு காலை பஜார் ரோடு வழியாக மட்டாஞ்சேரிக்கு நடங்கள், இரண்டு இரண்டரை கிலோமீட்டர் இருக்கும். மிளகும் சுக்கும் மணக்கும் பழைய கிடங்குகள், மலையாளத்தில் பாண்டிகசாலை என்பார்கள், நம்ம பண்டகசாலைதான். சங்கப் பாட்டில் வருகிற முசிறித் துறை 1341 வெள்ளத்தில் தூர்ந்துபோய்க் கொச்சி வாய் திறந்தது என்று சொல்வார்கள், அந்த மிளகு வியாபாரத்தின் மிச்சம் இந்தத் தெரு. அரண்மனையைக் கட்டி ராஜாவுக்குக் கொடுத்தது போர்த்துக்கீசியர், பழுது பார்த்த டச்சுக்காரர்கள் பெயரைத் தட்டிக்கொண்டு போய்விட்டார்கள். ராஜாவின் படுக்கையறைச் சுவர் முழுக்க ராமாயணம், தசரதன் வேள்வியிலிருந்து தொடங்குகிறது. அதற்கு அரைமணி நேரம் கொடுங்கள், மற்ற அறைகளை வேகமாகக் கடக்கலாம். ஜெபாலயம் 1568-இல் கட்டியது, செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகணும், காலுக்கடியில் சீனாவிலிருந்து வந்த நீலப்பூ ஓடுகள், எல்லாம் கையால் வரைந்தவை. வெளியே யூதத் தெருவில் 'பழங்காலப் பொருள்' என்று விற்பதில் எத்தனை போன மாசம் செய்ததோ. ஆட்டோக்காரர் ஏதாவது ஒரு கடையில் நிறுத்தி "சும்மா பாருங்க" என்றால் அவருக்குக் கமிஷன் என்று புரிந்துகொள்ளுங்கள்.

திரும்புகிற ரயில் எந்த ஸ்டேஷன் என்று அன்றைக்கு இன்னொரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டாவது தடவை நான் சவுத்தில் உட்கார்ந்து நிதானமாகப் பழம்பொரி சாப்பிட்டுக்கொண்டிருந்தேன், என் வண்டி நார்த்திலிருந்து கிளம்பிப் போய்விட்டது.