மூத்த பிட்சரை மீண்டும் ஒப்பந்தம் செய்யலாமா? கெர்ஷாவை முன்வைத்துச் சில கேள்விகளும் பதில்களும்

அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸ் பேஸ்பால் அணிக்காக 2008 முதல் 18 சீசன்கள் ஆடிய இடக்கை பிட்சர் (பந்து வீசுபவர்) கிளேட்டன் கெர்ஷா, 2025 சீசனோடு ஓய்வு பெற்றார். கடைசி ஆண்டுகளில் அணி அவரை விடாமல் மீண்டும் மீண்டும் ஒப்பந்தம் செய்தது சரிதானா என்பதைச் சுற்றியே பெரும்பாலான கேள்விகள் வந்திருக்கின்றன.

கேள்வி: 2024-இல் கெர்ஷா ஏழு ஆட்டங்களில் வெறும் 30 இன்னிங்ஸ்தான் (எதிரணியில் மூன்று பேர் ஆட்டமிழக்கும் வரை நீளும் சுற்று ஒரு இன்னிங்ஸ்) வீசினார். 37 வயதை எட்டவிருந்தவருக்கு மறுபடியும் ஒப்பந்தம் கொடுத்தது பாசத்தினால்தானே?

பாசம் இருந்தது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒப்பந்தம் போடப்பட்ட விதத்தைப் பார்த்தால், அதில் தெளிவான கணக்கும் இருந்தது புரியும். 2014 ஜனவரியில் ஏழு ஆண்டுகளுக்கு 21.5 கோடி டாலர் கொடுத்த அதே அணி, 2025 பிப்ரவரியில் அவருக்கு உறுதியளித்தது ஓர் ஆண்டுக்கு 75 லட்சம் டாலர் மட்டுமே. எத்தனை ஆட்டங்களை முதல் பிட்சராகத் தொடங்குகிறார், எத்தனை நாள்கள் ஆடும் பட்டியலில் இருக்கிறார் என்பதைப் பொறுத்தே மீதித் தொகை. எல்லாம் சேர்ந்தால் 1.6 கோடி வரை போகலாம். 2023 நவம்பரில் தோளிலும், ஓராண்டு கழித்து இடது முழங்காலிலும் கால் பெருவிரலிலும் அறுவை சிகிச்சை செய்துகொண்ட ஒருவரிடம், "நீங்கள் வீசினால் பணம் தருகிறோம், வீசாவிட்டால் பெரிய இழப்பு எங்களுக்கு வேண்டாம்" என்று அணி சொன்னதற்கு இது சமம்.

விளைவையும் பாருங்கள். அணியின் தொடக்க பிட்சர்களான பிளேக் ஸ்னெல், டைலர் கிளாஸ்னோ, ரோக்கி சசாகி ஆகிய மூவரும் தோள் கோளாறால் சீசனில் பல வாரங்கள் ஆட முடியாமல் போனார்கள். மட்டையாளராகவும் பிட்சராகவும் ஆடும் ஷோஹேய் ஓடானி ஜூன் நடுவில்தான் பந்து வீசத் தொடங்கினார். மே 17 அன்று திரும்பி வந்த கெர்ஷா 22 ஆட்டங்களைத் தொடங்கி, தன் கணக்கில் 11 வெற்றி, 2 தோல்வி, 3.36 ஓட்டச் சராசரி (ஒன்பது இன்னிங்ஸுக்குக் கொடுத்த ஓட்டங்கள்; குறைவாக இருப்பதே நல்லது) என்று முடித்தார். அந்த ஆண்டு டாட்ஜர்ஸ் தன் பிரிவில் (ஐந்து அணிகள் கொண்ட குழு) சான் டியேகோவை முந்தியது மூன்றே மூன்று ஆட்ட வித்தியாசத்தில்தான். அந்த 22 ஆட்டங்களை அனுபவமில்லாத இளைஞர்கள் தொடங்கியிருந்தால் பிரிவுப் பட்டம் கையை விட்டுப் போயிருக்கும் என்றே நான் கருதுகிறேன்.

கேள்வி: கிரிக்கெட் பார்த்துப் பழகியவன் நான். ஓர் அணிக்கு நான்கு நல்ல பிட்சர்கள் இருந்தால் போதாதா? பாதி சீசன் மட்டும் வீசக்கூடிய ஐந்தாமவருக்கு ஏன் இத்தனை மதிப்பு?

ஒரு சீசனில் 162 ஆட்டங்கள். ஆட்டத்துக்கு ஒன்பது இன்னிங்ஸ் என்றால், ஏறத்தாழ 1,450 இன்னிங்ஸை யாராவது வீசித்தான் ஆக வேண்டும். தொடக்க பிட்சர் ஒருவர் வீசியபின் குறைந்தது நான்கு நாள் ஓய்வு எடுக்கிறார் என்பதால் ஐந்து பேர் கொண்ட சுழற்சி தேவைப்படுகிறது. காயங்களைக் கணக்கில் எடுத்தால் எட்டு, ஒன்பது பேர் கையில் இல்லாமல் எந்த அணியும் சீசனைக் கடப்பதில்லை. தொடக்க பிட்சர் மூன்றாவது இன்னிங்ஸிலேயே வெளியேறினால், அன்றைய ஆட்டம் மட்டுமல்ல, அடுத்த மூன்று நாள்களுக்கான மாற்று பிட்சர்களும் சோர்ந்துபோகிறார்கள். ஆகவே ஐந்து இன்னிங்ஸ் வரை நிதானமாக நிற்கக்கூடிய ஒருவரின் மதிப்பு, அவருடைய சொந்தப் புள்ளிவிவரத்தைவிடப் பெரியது.

கேள்வி: அவருடைய வேகம் மணிக்கு 89 மைல் அளவுக்குக் குறைந்துவிட்டதே! 95 மைலுக்கு மேல் வீசும் இளைஞர்கள் நிறைந்த காலத்தில் அது எப்படிப் போதும்?

வேகம் மட்டுமே பார்த்து ஒப்பந்தம் செய்பவர் தவறான இடத்தைப் பார்க்கிறார். 2025 ஜூலை 2 அன்று சிகாகோ வைட் சாக்ஸுக்கு எதிரான ஆட்டத்தை நினைத்துப் பாருங்கள். ஆறாவது இன்னிங்ஸ், அவருடைய நூறாவது பந்து, மட்டையாளர் வின்னி காப்ரா. வந்தது ஒரு ஸ்லைடர், அதாவது கடைசி நொடியில் பக்கவாட்டில் விலகும் பந்து. வேகப்பந்தைவிடச் சற்றே மெதுவாக வந்து, மட்டையாளர் அருகில் தரையில் பதித்திருக்கும் தட்டின் வெளி ஓரத்தைத் தொட்டது. காப்ரா மட்டையை அசைக்கவே இல்லை. மட்டையாளரை மூன்று ஸ்ட்ரைக்கில் ஆட்டமிழக்கச் செய்யும் ஸ்ட்ரைக் அவுட்டில், கெர்ஷாவின் 3,000-ஆவது அது. வேகப்பந்துக்கும் ஸ்லைடருக்கும் வேக வித்தியாசம் குறைவாக இருந்து, இரண்டும் கையிலிருந்து ஒரே மாதிரி புறப்பட்டால், மட்டையாளருக்கு முடிவெடுக்க நேரமே இருக்காது. மூத்த பிட்சரை மதிப்பிடும்போது நான் முதலில் பார்ப்பது, நினைத்த ஓரத்தில் பந்தை வைக்கிறாரா என்பதை. அடுத்து, எதிர் மட்டையாளர்கள் அவர் பந்தை எவ்வளவு பலமாக அடிக்கிறார்கள் என்பதை. இவ்விரண்டும் கெட்டுப்போயிருந்தால் எவ்வளவு பெரிய பெயராக இருந்தாலும் விட்டுவிட வேண்டும்.

கேள்வி: நான் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் ரசிகன். எங்கள் மூத்த பிட்சர் ஆடம் வெய்ன்ரைட்டுக்கும் இதே கருத்தோடுதான் ஒப்பந்தம் கொடுத்தார்கள். எங்களுக்கு ஏன் கைகொடுக்கவில்லை?

உங்கள் வருத்தம் நியாயமானது. வெய்ன்ரைட்டின் மீது எனக்கும் பெரும் மதிப்பு உண்டு. 2021-இல் 17 வெற்றிகளும் 3.05 சராசரியுமாக ஆடியவர், 2022 செப்டம்பரிலேயே தடுமாறத் தொடங்கிவிட்டார். அந்த எச்சரிக்கையை ஒதுக்கிவிட்டு, 41 வயதில் 1.75 கோடி டாலருக்கு அவரை வைத்துக்கொண்டார்கள். அதுகூடப் பெரிய தவறில்லை. அந்தக் குளிர்காலத்தில் வெளியிலிருந்து ஒரு தொடக்க பிட்சரைக்கூடச் சேர்க்காமல் அவரை நம்பி இறங்கியதுதான் தவறு. 2023-இல் அவருக்கு 5 வெற்றி, 11 தோல்வி, சராசரி 7.40, அணி தன் பிரிவில் கடைசி இடம். செப்டம்பர் 18 அன்று மில்வாக்கிக்கு எதிராக ஏழு இன்னிங்ஸில் ஓட்டமே கொடுக்காமல் 200-ஆவது வெற்றியைப் பெற்றது மறக்க முடியாத மாலை, ஆனால் சீசன் அதற்கு முன்பே முடிந்துபோயிருந்தது. கெர்ஷாவை டாட்ஜர்ஸ் கூடுதல் பலமாக வைத்திருந்தது. வெய்ன்ரைட்டின் தோளில் கார்டினல்ஸ் சுமையை ஏற்றியது.

கேள்வி: இன்னொரு மூத்த பிட்சர் ஜஸ்டின் வெர்லாண்டரை 2022 முடிவில் ஹூஸ்டன் அணி விட்டுவிட்டது சரியா?

மிகச் சரி. 39 வயதில் 18 வெற்றி, 4 தோல்வி, 1.75 சராசரியுடன், சிறந்த பிட்சருக்கான சை யங் விருது வென்றவரை விடுவது கடினம்தான். ஆனால் நியூயார்க் மெட்ஸ் இரண்டு ஆண்டுகளுக்கு 8.67 கோடி டாலர் கொடுத்தது. அந்த விலைக்கு ஹூஸ்டன் போகவில்லை. எட்டு மாதத்தில் மெட்ஸே பணத்தின் பெரும்பகுதியை ஏற்றுக்கொண்டு, இரண்டு இளம் வீரர்களுக்கு ஈடாக அவரை ஹூஸ்டனுக்கே திருப்பி அனுப்பியது. 2023-இன் மீதியில் நன்றாக வீசினார். 2024-இல் 17 ஆட்டங்களில் சராசரி 5.48. முப்பத்தெட்டைத் தாண்டியவர்களின் ஒப்பந்தத்தில் பெரும்பாலும் இரண்டாம் ஆண்டுதான் அணியைக் கடிக்கிறது.

கேள்வி: வரம்பை மீறிச் சம்பளம் கொடுக்கும் அணிகள் கட்டும் சம்பள வரியும் உண்டல்லவா?

உண்டு. உச்ச அடுக்கில் தொடர்ந்து இருக்கும் டாட்ஜர்ஸுக்கு வரி 110 சதவீதம். அதாவது 75 லட்சம் டாலர் உண்மையில் சுமார் 1.57 கோடியாகிறது. சிறிய சந்தையில் ஆடும் அணி இந்த முன்னுதாரணத்தை அப்படியே பின்பற்றக் கூடாது. அங்கே அதே பணம் ஓர் இளம் வீரரின் நீண்ட ஒப்பந்தத்துக்குப் போக வேண்டும்.

கேள்வி: கெர்ஷா ஓய்வு அறிவிக்காமல் இருந்திருந்தால், 2026-க்கும் ஒப்பந்தம் செய்திருப்பீர்களா?

செய்திருப்பேன், ஆனால் பட்டத்துக்கான இறுதிச் சுற்றுகள் நடந்த 2025 அக்டோபர் சொன்ன பாடத்தோடு. பிலடெல்பியாவுக்கு எதிரான மூன்றாவது ஆட்டத்தில் இடையில் வந்து இரண்டு இன்னிங்ஸில் ஐந்து ஓட்டங்கள் கொடுத்தார். ஆனால் பட்டத்தை முடிவு செய்யும் உலகத் தொடரின் மூன்றாவது ஆட்டத்தில், 12-ஆவது இன்னிங்ஸில், மூன்று தளங்களிலும் ஆள் நிற்க, ஒரேயொரு மட்டையாளரை எதிர்கொள்ள அழைக்கப்பட்டார். டொரண்டோவின் நேதன் லூக்ஸ் முழு எண்ணிக்கை வரை (இரு தரப்புக்கும் தவறவிட இடமில்லாத நிலை) இழுத்துச் சென்று இரண்டாம் தளத்தை நோக்கித் தரையில் அடிக்க, இன்னிங்ஸ் முடிந்தது; 18 இன்னிங்ஸ் நீண்ட அந்த ஆட்டத்தை டாட்ஜர்ஸ் வென்றது. ஆகவே ஓர் ஆண்டு, குறைந்த உறுதித்தொகை, வீசும் ஆட்டங்களுக்கேற்ப ஊக்கத்தொகை, சுழற்சியில் ஆறாவது இடம், அக்டோபரில் தொடக்க வாய்ப்புக்கு எந்த வாக்குறுதியும் இல்லை என்ற நிபந்தனைகளோடு கையெழுத்திட்டிருப்பேன். இரண்டாவது ஆண்டைக் கேட்டிருந்தால் மறுத்திருப்பேன்.