ரப்பர் போட்டதும் அதிர்வு கூடியது ஏன்?

மொட்டைமாடி புளோயருக்கு (காற்றை ஊதும் மோட்டார் விசிறி) அடியில் மெல்லிய ரப்பர் பேட் வைத்த பிறகுதான் கீழ் அறையில் அதிர்வு கூடியது என்கிறீர்கள். ரப்பரின் தரத்தில் குறை இருக்காது, அது போதிய அளவு அமுங்காததுதான் வினை. புளோயர் நிமிடத்துக்கு 1440 சுற்று என்றால் நொடிக்கு 24, அதாவது 24 ஹெர்ட்ஸ். எடை ஏறியதும் பேட் எத்தனை மில்லிமீட்டர் அமுங்குகிறது என்று அளந்து, 15.8-ஐ அந்த எண்ணின் வர்க்கமூலத்தால் வகுங்கள்; வருவது இயல்பு அதிர்வெண், அதாவது பேட்மேல் நிற்கும் புளோயர் தட்டிவிட்டால் தானாக நொடிக்கு எத்தனை முறை ஆடும் என்பது. அரை மில்லிமீட்டர் என்றால் இயல்பு அதிர்வெண் 22 ஹெர்ட்ஸ். 24-க்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறது, ஒத்ததிர்வு (இரண்டும் ஒத்துப்போய் ஆட்டம் பெருகுவது) வராமல் என்ன செய்யும்? (ரப்பருக்கு இந்தக் கணக்கு தோராயம்தான்.)

10 மில்லிமீட்டர் அமுங்கும் ஸ்பிரிங் போட்டால் இயல்பு அதிர்வெண் 5 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். தளத்துக்குப் போகும் அதிர்வு விசை ஏறக்குறைய இருபதில் ஒரு பங்குதான். அப்புறம், புளோயரும் டக்ட்டும் (காற்று போகும் தகரக் குழாய்) சேரும் இணைப்பில் வளைந்து கொடுக்கும் கேன்வாஸ் துண்டு இருக்கிறதா? தகரத்தைப் புளோயரோடு நேராகத் திருகியிருந்தால் அதன் வழியே அதிர்வு போய்விடும், ஸ்பிரிங் போட்டும் பயனில்லை. செலவு செய்யும் முன் விசிறி இறக்கையில் படிந்த அழுக்கைச் சுரண்டிப் பாருங்கள்; அது எடையை ஒரு பக்கம் சாய்த்து அதிர்வைக் கிளப்பலாம்.