ஜெர்மனியில் ஒரு செமஸ்டர் சட்டம் படிக்கப் போகலாமா?

கேள்வி: ஐந்தாண்டுச் சட்டப் படிப்பில் நான்காம் ஆண்டு படிக்கிறேன். மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் ஹைடல்பெர்க் பல்கலைக்கழகத்தில் ஒரு செமஸ்டர் ஒப்பீட்டு அரசியலமைப்புச் சட்டமும் பன்னாட்டுச் சட்டமும் படிக்க இடம் கிடைத்துள்ளது. சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்கறிஞராவதே என் விருப்பம். அந்தப் படிப்பு இங்கே எதற்கு உதவும் என்று அப்பா கேட்கிறார்.
– வாசகி, மதுரை

பதில்: அவசியம் போய் வாருங்கள். அப்பாவின் கேள்வி நியாயமானது. அதற்கான விடை நம் உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலேயே இருக்கிறது. ஹைடல்பெர்க்கின் தெற்காசிய நிறுவனத்தைச் சேர்ந்த சட்ட அறிஞர் டீட்ரிஷ் கான்ராட், 1965இல் பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தில் ஆற்றிய உரையில், அரசியலமைப்பைத் திருத்தும் அதிகாரத்துக்கு எழுதப்படாத வரம்புகள் உண்டு என்ற கருத்தை முன்வைத்தார். சென்னையில் வழக்கறிஞர் தொழில் நடத்திய எம்.கே. நம்பியார், அடிப்படை உரிமைகளை நாடாளுமன்றம் திருத்தலாமா என்ற கோலக்நாத் வழக்கில் அதை வாதமாக்கினார். 1973இல் கேசவானந்த பாரதி வழக்கில் அரசியலமைப்பின் அடிப்படைக் கூறுகளைத் திருத்தத்தால் சிதைக்க முடியாது என்னும் அடிப்படைக் கட்டமைப்புக் கோட்பாடு 7-6 என்ற பெரும்பான்மையில் நிலைபெற்றபோது, நீதிபதி எச்.ஆர். கன்னா தம் தீர்ப்பில் கான்ராடை மேற்கோள் காட்டினார்.

ஜெர்மன் சட்டம் முழுவதையும் ஒரு செமஸ்டரில் கற்க முயல வேண்டாம். உங்களை உறுத்தும் ஓர் இந்தியக் கேள்வியை எடுத்துச் சென்று, அதையே விடாமல் தொடருங்கள். சான்றாக, மனித மாண்பு, மக்களாட்சி, கூட்டாட்சி ஆகியவற்றின் அடிப்படைகளை எந்தத் திருத்தமும் தொடக்கூடாது என்று ஜெர்மனியின் அரசியலமைப்பான அடிப்படைச் சட்டத்தின் 79(3) பிரிவு 1949 முதல் வெளிப்படையாகவே சொல்கிறது. ஆயினும் கார்ல்ஸ்ரூவேயில் உள்ள அரசியலமைப்பு நீதிமன்றம் அப்பிரிவைக் காட்டி ஒரு திருத்தத்தைக்கூட ரத்து செய்ததில்லை. நம் அரசியலமைப்பில் அப்படி ஒரு வரிகூட இல்லாமலே, நீதிபதிகள் நியமன ஆணையத்துக்கான திருத்தம் உட்படப் பல திருத்தங்கள் வீழ்ந்துள்ளன. ஏன் இப்படி? வீடுகளுக்குள் ஒட்டுக்கேட்க வழிவிட்ட 1998ஆம் ஆண்டுத் திருத்தம் குறித்த 2004ஆம் ஆண்டுத் தீர்ப்பைப் படியுங்கள். திருத்தம் செல்லும் என்ற நீதிமன்றம், அதற்குக் குறுகிய பொருள் கொண்டு, அதன்படி இயற்றப்பட்ட சட்டப் பிரிவுகள் பலவற்றை மனித மாண்புக்கு முரணானவை என்று கண்டது. திருத்தத்தை வீழ்த்தாமலே அதன் வீச்சைக் குறைக்கும் இந்த முறையைக் கற்ற வழக்கறிஞருக்கு இங்கே நிச்சயம் வேலை இருக்கிறது.

பன்னாட்டுச் சட்டத்திலும் இப்படியே ஒப்பிடுங்கள். பன்னாட்டுச் சட்டத்தின் பொது விதிகளை ஜெர்மன் அடிப்படைச் சட்டத்தின் 25ஆம் பிரிவு நேரடியாக உள்நாட்டுச் சட்டமாக ஏற்கிறது. இங்கோ 1997இல் விசாகா வழக்கில், நாடாளுமன்றம் சட்டம் இயற்றாத நிலையில், பெண்களுக்கு எதிரான பாகுபாட்டை ஒழிக்கும் உடன்படிக்கையின் துணையோடு பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான நெறிமுறைகளை உச்ச நீதிமன்றமே வகுத்தது.

வகுப்பில் வேற்று நாட்டு மாணவர்களோடு உட்காருங்கள். பிரேசிலின் 1988ஆம் ஆண்டு அரசியலமைப்பிலும் மாற்றவியலாத பிரிவுகள் உண்டு. வங்கதேச உச்ச நீதிமன்றம் 1989இல் நம் அடிப்படைக் கட்டமைப்புக் கோட்பாட்டை ஏற்றது. அந்நாடுகளின் மாணவர் எவரேனும் இருந்தால், அவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வது பெரிய பேறு. நம் சட்டத்தைப் பற்றி அவர்கள் கேட்பதற்கு ஆயத்தமாக, அரசியலமைப்பின் பிரதி ஒன்றையும் கொண்டு செல்லுங்கள்.

கார்ல்ஸ்ரூவேயின் முக்கியத் தீர்ப்புகள் பல ஆங்கிலத்தில் கிடைத்தாலும், சட்ட வகுப்புகளில் பெரும்பாலானவை ஜெர்மன் மொழியில்தான் நடக்கும் என்பதால், ஆங்கிலத்தில் நடப்பவை எவை என்று பார்த்துப் பாடங்களைத் தேர்ந்தெடுங்கள். அங்கே பெறும் மதிப்பெண்கள் இங்கே எந்தப் பாடங்களுக்கு ஈடாகக் கணக்கில் கொள்ளப்படும் என்பதை, விமானச் சீட்டு எடுப்பதற்கு முன்பே, உங்கள் கல்லூரியிடமிருந்து எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள்.