மொபைல் எண் வைஃபை பாஸ்வேர்டு ஆகாது: கேள்வி பதில்

கேள்வி: கடையில் பழைய ரவுட்டர். பாதுகாப்பு முறை டபிள்யூஇபி என்று காட்டுகிறது. பாஸ்வேர்டு இருக்கிறதே, போதாதா?

பதில்: போதாது. 1997-ல் வந்த முறை அது. ஒவ்வொரு பாக்கெட்டையும் (காற்றில் போகும் டேட்டா துண்டு) பூட்டும்போது உங்கள் சாவியோடு (அதாவது பாஸ்வேர்டு) ஒரு 24 பிட் எண்ணைச் சேர்த்துக்கொள்ளும். அந்த எண் பாக்கெட்டிலேயே திறந்தபடி போகும். மொத்தமே 1,67,77,216 எண்கள்தான். நெரிசலான நெட்வொர்க்கில் சில மணி நேரத்தில் தீர்ந்து பழைய எண்ணே திரும்ப வரும். சில எண்கள் வரும்போது சாவியே துணுக்கு துணுக்காகக் கசிகிறது என்று 2001-ல் ஃப்ளூரர், மான்டின், ஷமீர் என்ற ஆய்வாளர்கள் மூவரும் காட்டினார்கள். 2007-ல் ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், 85,000 பாக்கெட் கிடைத்தால் சாவி சிக்க 95 சதவீத வாய்ப்பு உண்டு என்று நிரூபித்தார்கள். பாஸ்வேர்டு எவ்வளவு கடினமாக இருந்தாலும் இதே கதிதான். அமெரிக்காவின் டிஜேஎக்ஸ் கடைகளிலிருந்து 4.5 கோடி கார்டு விவரங்கள் களவு போனதும் இந்த முறையில் ஓடிய வைஃபை வழியாகத்தான். ரவுட்டரை மாற்றிவிடுங்கள்.

கேள்வி: டேட்டாவைப் பூட்டும் முறையில் டிகேஐபி, ஏஇஎஸ் இரண்டும் இருக்கின்றன. எது?

பதில்: ஏஇஎஸ் மட்டும். அப்புறம், டபிள்யூபிஎஸ்ஸை (பாஸ்வேர்டுக்குப் பதில் பொத்தானையோ பின் எண்ணையோ வைத்து இணைக்கும் வசதி) அணைத்துவிடுங்கள்.

கேள்வி: டபிள்யூபிஎஸ் பின் எட்டு இலக்கமாயிற்றே, ஏன் அணைக்க வேண்டும்?

பதில்: முதல் நான்கு இலக்கம் சரியா என்பதை ரவுட்டர் தனியாகச் சொல்லிவிடுகிறது. கடைசி இலக்கம் வெறும் சரிபார்ப்பு எண். ஆக முதல் நான்குக்கு 10,000, மீதி மூன்றுக்கு 1,000, மொத்தம் 11,000 முயற்சி போதும். 2011-லேயே வெளியான ஓட்டை இது.

கேள்வி: என் ரவுட்டரில் பாதுகாப்பு முறை டபிள்யூபிஏ2, பாஸ்வேர்டு என் மொபைல் எண். பத்து இலக்கம், பாதுகாப்புதானே?

பதில்: இல்லை. நம் மொபைல் எண்கள் 6, 7, 8, 9-ல்தான் தொடங்கும். ஆக 400 கோடி எண்கள். ஒரு நல்ல கிராஃபிக்ஸ் கார்டு நொடிக்குப் பத்து லட்சம் பாஸ்வேர்டுகளைச் சோதிக்கும். 4,000 நொடி, அதாவது ஒரு மணி நேரம் சொச்சத்தில் எல்லா எண்களும் முடிந்துவிடும்.

அதே நண்பர்: ஒவ்வொரு பாஸ்வேர்டுக்கும் 4,096 சுற்றுக் கணக்கு உண்டு என்கிறார்களே? நாலைந்து தடவை தவறினால் ரவுட்டரும் தடுக்காதா?

பதில்: அந்தச் சுற்றுகளையும் சேர்த்துத்தான் பத்து லட்சம். ரவுட்டர் தடுக்காது, ஏனென்றால் அதற்கு விஷயமே தெரியாது. உங்கள் போன் இணையும்போது ரவுட்டரோடு நான்கு செய்திகள் பரிமாறிக்கொள்ளும். தெருவில் நிற்பவர் அவற்றைப் பதிவு செய்துகொண்டு வீட்டுக்குப் போய்விடுவார். மீதி எல்லாம் அவருடைய கம்ப்யூட்டரில் நடக்கும்.

அதே நண்பர்: என் எண் யாருக்குத் தெரியும்?

பதில்: தெரியவே வேண்டாம் என்பதுதான் மேலே போட்ட கணக்கு. அதிலும் கடைப் பெயரை வைஃபைக்கு வைத்து, பெயர்ப்பலகையில் எண்ணையும் எழுதியிருந்தால் ஒரு மணி நேரம்கூட வேண்டாம். ஒன்றுக்கொன்று ஒட்டாத ஐந்து சொற்களை ஆங்கில எழுத்தில் சேர்த்து எழுதுங்கள்: முருங்கை, தண்டவாளம், ஊறுகாய் என்பது போல, ஆனால் இவையே வேண்டாம். குறளும் சினிமாப் பாட்டு வரியும் வேண்டாம்.

கேள்வி: மொபைல் எண்ணுக்கு முன்னால் மகள் பெயரைச் சேர்த்தால்?

பதில்: மொபைல் எண்ணே வேண்டாம் என்கிறேன். மேலே சொன்னதை மறுபடி படியுங்கள்.

கேள்வி: வைஃபை பெயரை மறைத்துவிட்டால்?

பதில்: உங்கள் போன் இணையும்போது அதுவே பெயரைச் சொல்லிவிடும். பயனில்லை.

கேள்வி: மேக் முகவரி (ஒவ்வொரு கருவிக்கும் உள்ள அடையாள எண்) வடிகட்டி வைத்து, நம் கருவிகளை மட்டும் அனுமதித்தால்?

பதில்: மேக் முகவரி காற்றில் பூட்டில்லாமல் போகிறது. பார்த்து அப்படியே போட்டுக்கொள்ளலாம்.

கேள்வி: மாடியில் சிக்னல் வரவில்லை.

பதில்: அது வேறு பிரச்சினை. ரவுட்டர் விற்றவரிடம் கேளுங்கள்.

கேள்வி: டபிள்யூபிஏ2-வுக்கு அடுத்து வந்த டபிள்யூபிஏ3 அவசியமா?

பதில்: ரவுட்டரில் இருந்தால் கட்டாயம் போடுங்கள். 2018-ல் வந்தது. போன் இணையும்போது பரிமாறும் செய்திகளைப் பதிவு செய்து எடுத்துப்போனாலும் வீட்டில் உட்கார்ந்து பாஸ்வேர்டைச் சோதிக்க முடியாது. ஒவ்வொரு முயற்சிக்கும் ரவுட்டரிடமே வர வேண்டும். பழைய போன் இணையவில்லையென்றால் இரண்டும் கலந்த முறை இருக்கிறது. அதில் பழைய போன் டபிள்யூபிஏ2-வில்தான் பேசும், ஆகவே அந்த ஐந்து சொற்கள் அப்போதும் வேண்டும்.

மொபைல் எண் நண்பர்: பாஸ்வேர்டை மாற்றிவிட்டேன். டிவி, கேமரா எல்லாவற்றிலும் திரும்பப் போட வேண்டுமா?

பதில்: ஆமாம், ஒவ்வொன்றிலும். ரவுட்டர் பக்கத்தைத் திறந்திருக்கும்போதே டபிள்யூபிஎஸ்ஸையும் அணைத்துவிடுங்கள்.