தலைவரே இல்லாத குழு பத்திரிகை நடத்த முடியுமா? 'அராஜகவாதி' என்றால் கலவரக்காரர்தானே?

முடியும். சேலத்தில் நாங்கள் ஆறு பேர் ஆசிரியர் என்று யாரும் இல்லாமல் நான்கு வருடமாக ஒரு சிற்றிதழ் கொண்டுவருகிறோம்.

நம் செய்தித்தாள்களில் 'அராஜகம்' என்றால் கடையை உடைப்பது, பஸ்ஸைக் கொளுத்துவது. அராஜகவாதிகள் சொல்வதோ, மேலே ஒருவர் உட்கார்ந்து உத்தரவு போடாமல் வேலை செய்கிறவர்களே கூடி முடிவெடுப்பதை. லண்டனில் ரஷ்ய அராஜகவாதி குரோபோட்கின், ஆங்கிலேயரான சார்லட் வில்சன் முதலானோர் 1886-இல் தொடங்கிய ஃப்ரீடம் பிரஸ் என்ற பதிப்பகம் இன்றும் இருக்கிறது. 2013-இல் அவர்கள் புத்தகக் கடைக்கு யாரோ தீ வைத்தபோது, கரியைத் துடைத்துச் சுத்தம் செய்ய ஆதரவாளர்களே திரண்டு வந்தார்கள். ஏகே பிரஸ் என்ற இன்னொரு அராஜகவாதப் பதிப்பகம் அங்கே வேலை பார்ப்பவர்களுக்கே சொந்தம். கிரைம்திங்க் என்ற அராஜகவாதக் குழுவின் வெளியீடுகள் பலவற்றில் எழுதியவர் பெயரே இருக்காது. யார் வேண்டுமானாலும் அச்சடித்துக் கொடுக்கலாம்.

நம்மவரும் ஒருவர் உண்டு. சென்னையில் பிறந்த எம்.பி.டி. ஆச்சார்யா, பாரதியின் 'இந்தியா' பத்திரிகையில் வேலை செய்தவர். 1920-இல் தாஷ்கண்டில் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியைத் தொடங்கியவர்களில் ஒருவர். பிறகு அதிலிருந்து விலகி அராஜகவாதியாகி, 1954-இல் பம்பாயில் இறக்கும்வரை அதற்காகவே எழுதினார். பாரதியைக் கொண்டாடும் நாம் இவரை மறந்தது எனக்குத் தீராத வருத்தம்.

எங்கள் இதழ் பதினாறு பக்கம். ஞாயிற்றுக்கிழமை அம்மாபேட்டையில் ஒரு தறி வீட்டுத் திண்ணையில் கூடுவோம். ஓட்டெடுப்பு கிடையாது, ஒருவருக்கு ஒப்பவில்லை என்றாலும் பேசித்தான் தீர வேண்டும். கொலுசுப் பட்டறைக் கூலி பற்றிய ஒரு கட்டுரைக்கு மூன்று ஞாயிறு போனது. கடைசியில் கட்டுரையையும் மறுப்பையும் எதிரெதிர்ப் பக்கத்தில் போட்டோம். அதிகம் பேசப்பட்ட இதழ் அதுதான்.

சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. அச்சகத்தில் பேசுவது, சந்தா நோட்டு, தபால் எல்லாம் என்னிடமே இருந்தன. இரண்டாம் வருடம் மஞ்சள் காமாலையில் நான் படுத்தேன். இதழும் ஐந்து மாதம் படுத்தது. தலைவர் இல்லை என்று சொல்லிக்கொண்டே நான் தலைவனாக இருந்திருக்கிறேன், யாரும் தேர்ந்தெடுக்காத, யாரும் கேள்வி கேட்க முடியாத தலைவன். அது தலைவர் உள்ள குழுவைவிட மோசம். இப்போது ஒவ்வொரு இதழுக்கும் வேலை கை மாறும். வரவு செலவைப் பைசா விடாமல் கடைசிப் பக்கத்தில் அச்சிடுகிறோம்.

போன இதழுக்கு அச்சகம் போனது திண்ணைக்குச் சொந்தக்கார அக்கா. முப்பது வருடமாகப் பட்டு நெய்பவர். தாளைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்து, "இது நீங்க சொன்ன தாள் இல்லீங்களே தம்பி" என்று கட்டோடு திருப்பிக் கொடுத்திருக்கிறார். அதே அச்சகத்தில் இத்தனை இதழ் போட்டும் எனக்கு அந்த வித்தியாசம் தெரிந்ததே இல்லை.