அலாஸ்கா கப்பல்: ஸ்வெட்டருக்கு முன் விசா

குளிர்நாட்டுக் கடலில் கப்பல் சுற்றுலா செல்வதைப் பற்றி வட சென்னை வாசகர்கள் சிலர் அனுப்பியுள்ள கேள்விகளுக்கு இம்முறை பதில் அளிக்கிறோம்.

நான் துறைமுகத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். மகள் சியாட்டிலில் வசிக்கிறாள். அடுத்த ஜூன் மாதம் அங்கே செல்லும்போது மனைவியுடன் அலாஸ்கா கப்பல் பயணமும் போய்வர விரும்புகிறோம். ஏற்பாடுகளை எதிலிருந்து தொடங்குவது?
*வாசகர், தண்டையார்பேட்டை*

விசாவிலிருந்து தொடங்குங்கள். பலரும் முதலில் கப்பலைத் தேர்ந்தெடுத்து, முன்பணம் கட்டிய பிறகே விசாவைப் பற்றி யோசிக்கிறார்கள்; இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு அந்த வரிசை சரிவராது.

அலாஸ்காவுக்குச் செல்லும் பெரிய கப்பல்கள் பெரும்பாலும் பஹாமாஸ், பெர்முடா, பனாமா போன்ற நாடுகளில் பதிவு செய்யப்பட்டவை. கப்பலின் பின்புறத்தில் எந்தத் துறைமுகத்தின் பெயர் எழுதியிருக்கிறது என்று பார்த்துப் பழகிய தங்களுக்கு இது புதிதல்ல. ஓர் அமெரிக்கத் துறைமுகத்திலிருந்து இன்னோர் அமெரிக்கத் துறைமுகத்துக்குப் பயணிகளை ஏற்றிச் செல்லும் உரிமையை அந்நாட்டுக் கப்பல்களுக்கே ஒதுக்கும் சட்டம் ஒன்று 1886 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஆகவே சியாட்டிலில் புறப்பட்டு அங்கேயே திரும்பும் வெளிநாட்டுக் கப்பல், சட்டத்துக்கு உட்படுவதற்காக இடையில் கனடாவின் ஒரு துறைமுகத்தை, பெரும்பாலும் விக்டோரியாவை, தொட்டுவிட்டு வருகிறது. அங்கே சில மணி நேரம்தானே, இறங்காமல் கேபினிலேயே இருந்துவிடலாம் என்று எண்ண வேண்டாம். கனடா விசா இல்லாவிட்டால் சியாட்டிலிலேயே கப்பலில் ஏற விடமாட்டார்கள். அமெரிக்க விசா, பலமுறை நுழைய அனுமதிப்பதாக இருக்க வேண்டும். அதற்கான நேர்காணல் அண்ணா சாலையிலுள்ள துணைத் தூதரகத்தில் நடைபெறும். தேதி கிடைப்பதற்கே மாதக்கணக்கில் ஆகலாம் என்பதால் இப்போதே விண்ணப்பித்துவிடுங்கள்.

அடுத்ததாகப் பார்க்க வேண்டியது வழித்தடம். ஏழு இரவுப் பயணங்கள் பலவும் ஜூனோ, ஸ்காக்வே, கெட்சிக்கான் ஆகிய ஊர்களைத் தொடுகின்றன. அவற்றுக்குள் பெரிய வேறுபாடு இல்லை. வேறுபாடு பனியாற்றில்தான், அதாவது மலையிலிருந்து மெல்ல நகர்ந்து இறங்கும் பனிப்பாளத்தில்தான், இருக்கிறது. கிளேசியர் பே தேசியப் பூங்காவுக்குள் ஒரு நாளைக்கு இரண்டு பெரிய பயணிகள் கப்பல்களுக்கு மேல் அனுமதிப்பதில்லை. கப்பல் அங்கே கரை சேராது. பூங்கா அதிகாரிகளே கப்பலுக்கு வந்து நாள் முழுவதும் விளக்கம் சொல்வார்கள். 1794இல் ஆங்கிலேயக் கடலோடி ஜார்ஜ் வான்கூவரின் மாலுமிகள் வந்தபோது அந்த வளைகுடா ஏறக்குறைய முழுவதும் பனியால் அடைபட்டிருந்தது. 1879இல் இயற்கையியலாளர் ஜான் மியூர் வந்து சேர்ந்தபோது பனி 60 கிலோமீட்டருக்கும் மேல் பின்வாங்கிவிட்டிருந்தது. இன்று கப்பல்கள் சென்று நிற்கும் மார்ஜரி பனியாற்றின் முகப்பு நீர்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 75 மீட்டர் உயரம். அதிலிருந்து பனி உடைந்து விழுவதை முதலில் கண் பார்க்கும், சற்றுப் பொறுத்துத்தான் இடி போன்ற ஓசை வந்து சேரும். எனவே பயணத்திட்டத்தில் ‘பனியாறு காணல்’ என்று பொதுவாக மட்டும் எழுதியிருந்தால், எந்தப் பனியாறு என்று முகவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே பணம் கட்டுங்கள். ஹப்பர்ட் பனியாறும் சிறந்ததுதான். ஆனாலும் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்கச் சொன்னால் கிளேசியர் பேயையே நான் சொல்வேன்.

எனக்கு முழங்கால் வலி உண்டு, குளிரும் ஒத்துக்கொள்ளாது. பால்கனி உள்ள கேபின் எடுத்தால் அறையிலிருந்தபடியே எல்லாவற்றையும் பார்த்துவிடலாம் என்கிறார்கள். உண்மையா?
*வாசகி, ராயபுரம்*

பாதி உண்மை. பனியாற்றின் முன்னே கப்பலை மெல்லத் திருப்புவார்கள் என்பதால் இரு பக்கத்தவரும் பார்க்க முடியும். ஆனால் திமிங்கிலம் எந்தப் பக்கம் எழும் என்று யாரும் சொல்ல முடியாது. மேல்தளத்தில் நிற்பவருக்கே இரண்டு பக்கமும் கிடைக்கும். மேல்தளத்துக்கு லிஃப்ட் இருக்கிறது. பால்கனிக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணத்தை மிச்சப்படுத்தி, ஜூனோவில் திமிங்கிலம் பார்க்கச் செல்லும் படகில் செலவிடுவதே மேல் என்பது என் கருத்து. கூனல் முதுகுத் திமிங்கிலங்கள் குளிர்காலத்தை ஹவாய்க் கடலில் கழித்துவிட்டு, கோடையில் இரை தேடி இங்கே வருகின்றன. எந்தப் படகும் அவற்றை ஏறத்தாழ 90 மீட்டருக்குள் நெருங்கக் கூடாது என்பது சட்டம்.

முழங்காலுக்குச் சிரமம் தருவது கப்பலுக்கும் கரைக்கும் இடையிலுள்ள நடைபாலமே. அப்பகுதியில் ஓதம் சில நாட்களில் 5 மீட்டருக்கு மேலும் ஏறி இறங்குவதால், நேரத்தைப் பொறுத்து அந்தப் பாலம் மிகச் சரிவாக அமைந்துவிடும். சக்கர நாற்காலி உதவி தேவை என்று பதிவு செய்யும்போதே எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.

குளிரைக் குறித்து அவ்வளவு அஞ்ச வேண்டாம். ஜூன், ஜூலை மாதங்களில் ஜூனோவின் பகல் வெப்பநிலை 15 முதல் 18 டிகிரி வரை இருக்கும். ஜூலை மாதத்து ஊட்டியைப் போன்றது. உண்மையில் தொல்லை தருவது மழை. சென்னையில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறதென்றால், கெட்சிக்கானில் பெய்வது 3,800 மில்லிமீட்டர் அளவில். ஆகவே கனத்த கம்பளிக் கோட்டு ஒன்றை வாங்குவதைவிட, உடலோடு ஒட்டிய தெர்மல் உள்ளாடை, அதன்மேல் மெல்லிய ஃபிளீஸ், எல்லாவற்றுக்கும் மேலே தலைமூடியுடன் கூடிய, நீர் புகாத ஜாக்கெட் என்று அடுக்கடுக்காக அணிவதே பயன் தரும். பருத்தியும் ஜீன்ஸும் நனைந்தால் எளிதில் உலராது. பனியாற்றின் முன் மேல்தளத்தில் நிற்கும் நேரத்துக்கு மட்டும் கையுறையும் காதை மூடும் குல்லாயும் தேவைப்படும்.

எங்கள் குடும்பம் மீன்பிடித் தொழிலில் இருந்தாலும் எனக்கு மட்டும் கடல் ஒத்துக்கொள்வதில்லை. நான் இப்பயணத்தை மறந்துவிட வேண்டியதுதானா?
*வாசகர், காசிமேடு*

தேவையில்லை. தீவுகள் அலையைத் தடுப்பதால் ‘இன்சைடு பாசேஜ்’ எனப்படும் உட்புற நீர்வழி பெரும்பாலும் அமைதியாகவே இருக்கும். ஆனால் சியாட்டிலிலிருந்து செல்லும் கப்பல்கள் பல, வான்கூவர் தீவுக்கு மேற்கே திறந்த பசிபிக் கடலில் ஓடுகின்றன. அங்கே கப்பல் ஆடும். தங்களுக்கு வான்கூவரில் புறப்பட்டு உட்புற வழியாகவே சென்று திரும்பும் பயணம் பொருந்தும். கேபின் கீழ்த்தளத்தில், கப்பலின் நடுப்பகுதியில் இருக்கட்டும். மாத்திரையை மருத்துவரிடம் கேட்டு, தலைசுற்றல் தொடங்கும் முன்பே எடுத்துக்கொள்ள வேண்டும்.

மூவாயிரம் பேருடன் செல்வது காட்டுப் பயணமாகுமா? சிறிய கப்பலில் செல்ல வழியுண்டா? அண்டார்டிகா எப்படி?
*கல்லூரி ஆசிரியர், பெரம்பூர்*

நூறு பேருக்கும் குறைவானவர்களை ஏற்றிச் செல்லும் சிறு கப்பல்கள் ஜூனோ, சிட்கா போன்ற ஊர்களிலிருந்தே புறப்படுகின்றன. ஊரே இல்லாத குடாக்களில் நங்கூரம் பாய்ச்சி, ரப்பர் படகிலும் கயாக்கிலும் அழைத்துச் செல்வார்கள். ஜூலை, ஆகஸ்டில் சால்மன் மீன் ஏறும் ஓடைகளில் கரடியைக் காணும் வாய்ப்பும் உண்டு. அமெரிக்கக் கொடி ஏந்திய கப்பல்களாக இருந்தால் மேலே சொன்ன 1886 சட்டம் தடையாகாது. கனடாவைத் தொடாத அத்தகைய பயணத்துக்கு அமெரிக்க விசா ஒன்றே போதும். கட்டணம் மட்டும் பெரிய கப்பலைப் போலப் பல மடங்கு.

அண்டார்டிகாவுக்கு அர்ஜென்டினாவின் உஷுவாயாவிலிருந்து நவம்பர் முதல் மார்ச் வரை கப்பல்கள் செல்கின்றன. வழியிலுள்ள, கொந்தளிப்புக்குப் பெயர்போன டிரேக் நீரிணையைக் கடக்க ஏறத்தாழ இரண்டு நாட்கள் ஆகும். காசிமேட்டு வாசகருக்கு அதைப் பரிந்துரைக்க மாட்டேன். ஐந்நூறு பேருக்கு மேல் ஏற்றிய கப்பலிலிருந்து எவரும் கரையிறங்க முடியாது. சிறிய கப்பலிலும் ஒரு நேரத்தில் நூறு பேர் மட்டுமே ஓரிடத்தில் இறங்கலாம். மலிவாகத் தெரியும் விளம்பரங்களில் கரையிறங்கல் உண்டா என்று பாருங்கள்.

ஜூனில் சென்றால் வட துருவ ஒளி தெரியுமா?
*மாணவி, வியாசர்பாடி*

தெரியாது. அப்போது ஜூனோவில் பகல் பதினெட்டு மணி நேரம். மிச்ச நேரத்திலும் வானம் முழுதாக இருட்டுவதில்லை. செப்டம்பரில் வாய்ப்புண்டு, ஆனால் அது மழை மிகுந்த மாதம்.

நாங்கள் சைவம். சிறிய ரைஸ் குக்கர் எடுத்துச் செல்லலாமா? விளம்பரத்தில் உள்ள தொகை போக வேறு என்ன செலவுகள் வரும்?
*வாசகி, திருவொற்றியூர்*

குக்கர், இஸ்திரிப் பெட்டி போன்ற சூடேறும் மின்கருவிகளைத் தீ அச்சம் காரணமாகக் கப்பலில் அனுமதிப்பதில்லை. இந்தியச் சைவ உணவு வேண்டுமென்று புறப்படும் முன்பே எழுதித் தெரிவித்தால் பெரும்பாலான நிறுவனங்கள் சமைத்துத் தருகின்றன. ஏறிய அன்றே உணவகத் தலைமைப் பணியாளரிடம் மறுபடியும் நினைவூட்டுங்கள்.

விளம்பரத் தொகை பொதுவாக ஓர் அறையில் இருவர் தங்குவதாகக் கொண்டு தலைக்கு இவ்வளவு என்று போடப்படுவது. துறைமுக வரி, நாள்தோறும் தலைக்கு 15 முதல் 20 டாலர் வரை சேரும் பணியாளர் அன்பளிப்பு, கரைச் சுற்றுலாக்கள் ஆகியவை தனி. இங்கே சுற்றுலா நிறுவனத்தின் மூலம் பதிவு செய்தால் டிசிஎஸ் எனப்படும் வரியைக் கட்டணத்தோடு சேர்த்துப் பிடிப்பார்கள். அதை வருமான வரிக் கணக்கில் ஈடுசெய்துகொள்ளலாம். காப்பீட்டில் கப்பல் மருத்துவமனைச் செலவும், நோயாளியை ஹெலிகாப்டரில் கரைக்குக் கொண்டுசெல்லும் செலவும் அடங்குகின்றனவா என்று பாருங்கள். கப்பல் ஏறியதும் கைபேசியை விமானப் பயன்முறைக்கு மாற்றிவிடுங்கள். நடுக்கடலில் செயற்கைக்கோள் வழியாகத் தானே இணைந்துகொண்டால் ரோமிங் கட்டணம் மிகப் பெரிய தொகையாக வந்து நிற்கும்.